வியாபாரம் தெரியாத மாப்பிள்ளை

பாலையா ஒரு மாந்தோப்புக்குள் கால் வைத்தால் முதல் வேலையாக முகத்தைச் சுளிப்பார். கிளை ஒடியக் காய் தொங்கினாலும் சரி, "இன்னா நைனா, பிஞ்சிலேயே வெம்பிப்போன மாரி கீதே" என்பார். தோப்புக்காரன் முகம் வாடும். அந்த வாட்டத்தில் பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவில் முப்பது வருசமாக அவருக்கு மாங்காய்த் தரகு. அந்தத் தொழிலில் விற்கிறவன் சரக்கைப் புகழ வேண்டும், வாங்குகிறவன் குறை சொல்ல வேண்டும். இதில் ஆள் மாறினால் தொழில் கெட்டது. குறை சொல்லி, புகழ்ந்து, இரண்டு பேரும் களைத்த பிறகு ஒருவர் கைமேல் ஒருவர் துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இரண்டு விரல் என்றால் இரண்டு, முழுக் கை என்றால் ஐந்து, உதறினால் படியவில்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது.

வாய் இப்படியே பழகிவிட்டது. வீட்டில் ஜெயம்மா வைக்கிற புளிச்சகீரையைக்கூட, "இன்னா இது, உப்புமில்ல ஒறப்புமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மூன்றாம் தடவை போட்டுக்கொள்வார்.

அப்படிப்பட்ட ஆள் ஆனி மாதக் கடைசியில், மண்டியில் லாரிகள் புத்தூர் ரோடு வரை வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஜெயம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. நாலு மாசமாக ஒருவரிடமும் சொல்லாமல் முந்தானைக்குள் வைத்திருந்தாள். தடாவில் கட்டிக் கொடுத்த மகள் ஸ்ரீதேவிக்கு வளைகாப்பு முடிகிற வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னாள், ஊசி போட்டுப் பார்த்தார்கள், கெட்ட கட்டிதான் என்று ஆயிற்று. மார்பை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். சர்க்கார் காப்பீட்டுக் கார்டு இருந்ததால் செலவுக்கும் கவலை இல்லை. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்தைத்தான் ஜெயம்மா போடமாட்டேன் என்றாள்.

"பாலையாகாரு, சூடண்டி," என்று டாக்டரம்மா அன்று காலை தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டாள். "ரேப்பு, நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள சந்தகம், அதான் கையெழுத்து, பெட்டல்லன்னா, ஆ டேட் இன்னொருத்தருக்குப் போயிடும். அப்புறம் ஒரு மாசம் ஆவும். அந்தக் கட்டி ஒரு மாசம் காத்திருக்காது."

பாலையா அதற்குள் சாமிகளிடம் பேசி முடித்திருந்தார். ஏழுமலையானுக்கு முடி, திருத்தணி முருகனுக்குக் காவடி. இரண்டு பேரும் பதில் விலை சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஆண்களை உள்ளே விட்டார்கள். ஜெயம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"களி எட்தாந்துகிறேன். பக்கத்து வூட்டு கோதை கிண்டிக் குட்த்தனுப்புச்சி. வேர்க்கடலைத் தொவையலும் கீது."

"வெச்சிட்டுப் போ."

"துன்னுட்டுச் சொல்லு. சந்தகம் வெக்கிறியா, இல்லியா?"

"வெக்கல."

"ஏம்மே, ஒரு பாகம் போனா மிச்சம் ஒடம்பு நிக்கும். மொத்தமா போறதுக்கு இது லாபந்தானே?"

சொன்ன பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஜெயம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"லாபமா? ஏய்யா, நீ மண்டியில காய் பொறுக்குறத நான் பாத்ததில்லியா? நல்ல காய் பொட்டிக்குப் போவும். ஓரத்துல துளி கருப்பு வுழுந்த காய இன்னா பண்ணுவ?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

"ஜூஸ் ஃபேக்டரிக்குத் தள்ளுவேன்."

"என்ன அறுத்துட்டு வந்தா நான் எந்தக் குவியல்யா?"

பாலையா களித் தூக்கைத் திறந்தார், மூடினார்.

"கறுப்புப் பொண்ணுன்னு ஒங்க நைனா ரெண்டு சவரன் ஏத்திக் கேட்டாரு. ஆறுக்குப் பேசினது எட்டாச்சி. அத்தெ நீ எத்தினி கல்யாணப் பந்தியில சொல்லிச் சிரிச்ச? 'கரிக்கட்டைக்கு எட்டு சவரன் வெச்சித்தான் வூட்டுக்கு எடுத்தோம்'னு. எல பக்கத்துல நான் ஒக்காந்துகினு இருப்பேன். எங்க நைனா ரெண்டு சவரனுக்கு யார் காலுல வுழுந்தாரோ, செத்தாரு, சொல்லவேயில்ல. இப்ப பாதியும் போன ஒடம்பு. இனிமே பந்தியில இன்னா சொல்லுவ?"

"தமாசுக்குச் சொன்னதுமே அது."

"நீ தமாசுக்குத்தான் சொன்ன. நான்தான் நெசமா கேட்டேன்."

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலையா தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் அவர் உட்கார்கிற இடத்துக்கு மேலே வார்டு ஜன்னல். உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். ஜெயம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் சத்தியவேட்டுக்காரி ஒருத்தி. அவளைப் பார்த்துக்கொள்ள மகள் பிரமிளா, செல்போன் ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வேதக்காரக் குடும்பம். தினம் இந்த நேரத்துக்குத் தாய்க்கு பைபிள் வாசிப்பாள். தாய் கேட்பது எப்போதும் ஒரே இடம்தான், நடுவில் வருகிற ஒரு காதல் பாட்டு.

பாலையாவும் இரண்டு நாளாகக் கேட்டிருந்தார், காதில் வாங்கவில்லை. இன்று வாங்கினார்.

அந்தப் பாட்டில் ஒரு பெண். திராட்சைத் தோட்டத்துக்கு அண்ணன்மார் காவல் போட்டதால் வெயிலில் நின்று நின்று கறுத்துப் போனவள். என்னை அப்படிப் பார்க்காதீர்கள், வெயில் பட்டது என்கிறாள். அவளைத் தேடி ஒருவன் மலை மலையாகத் தாண்டி ஓடி வருகிறான். வந்தவன் மூச்சு வாங்கிவிட்டு அவள் கண்ணைப் புகழ்கிறான், முடியைப் புகழ்கிறான், பல், கழுத்து என்று இறங்கிக்கொண்டே போகிறான். உன்னிடத்தில் பழுது ஒன்றுமே இல்லை என்கிறான்.

"அந்த வெயில்ல கறுத்தத இன்னொரு தபா படி கண்ணு."

கேட்டது பிரமிளாவின் தாய் இல்லை. ஜெயம்மா. மூன்று நாளில் அவள் தானாகக் கேட்ட ஒரே விசயம் அது.

பாலையாவுக்குப் பாட்டைவிட அந்தப் பையன்மேல்தான் ஆத்திரம் வந்தது. கேட்க வந்தவன் இவ்வளவு புகழலாமா? பெண் வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தால் விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்? தொழில் தெரியாத பையன். ஆனால் ஜெயம்மா அதைக் கேட்கிறாள். அப்படியென்றால் அந்தப் புத்தகத்து ஆள் சொன்னால் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தாய்க்கு ஜெபம் பண்ண ஒரு பாஸ்டர் வருவார், ஜெபகுமார் என்று. தூத்துக்குடிப் பக்கம். ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, ஓய்வு நாளில் ஆஸ்பத்திரி ஊழியம். அன்றைக்கு அவர் வருகிற நாள்.

பாலையா அவரை வெளியே டீக்கடைப் புங்கமரத்தடியில் மடக்கினார். ஏழுமலைமேல் மேகம் கருத்திருந்தது. காற்றில் மழை வாசனை.

"பாஸ்டரு, ஒரு நிமிசம். கையக் குடு."

முப்பது வயசுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை. கையை நீட்டினார். பாலையா தோளில் கிடந்த துண்டை இரண்டு கையும் மறைகிற மாதிரி போட்டு, அவர் விரல் இரண்டைப் பிடித்து அழுத்தினார். கையெழுத்து வாங்கித் தந்தால் சபைக்கு இரண்டாயிரம். யாரும் ஆரம்ப விலையிலேயே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மூன்றுக்கு வரலாம் என்பது கணக்கு.

துண்டு பேரமெல்லாம் தூத்துக்குடிப் பிள்ளைக்குத் தெரியாது. மனைவிக்கு நோய், பெரியவர் ஜெபம் கேட்கிறார், கையை மூடிக்கொள்வது இந்த ஊர்ப் பக்தி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். பாலையாவின் முழுக் கையையும் இறுகப் பற்றிக் கண்ணை மூடினார்.

ஐந்தா என்று திடுக்கிட்டார் பாலையா. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் பேச்சே இல்லையா?

பாஸ்டர் உதடு அசைந்தது. வாக்கியத்துக்கு ஒரு தடவை கையை அழுத்தினார். பாலையாவுக்கு வியர்த்தது. பத்து. பதினைந்து. பிள்ளையின் கண்ணோரம் ஈரம் வேறு. அழுதுகொண்டே விலை ஏற்றுகிறவனை அவர் எந்த மண்டியிலும் பார்த்ததில்லை. இருபத்தைந்துக்கு மேல் தாங்கவில்லை, கையை உதறிக்கொண்டார்.

"யோவ், நிறுத்துயா! ஒரு சந்தகத்துக்கு இருவத்தஞ்சாயிரமா? ஆஸ்பத்திரியையே கிரயம் பண்ணித் தர்றியா, இன்னா?"

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். "ஐயா, நான் ஜெபம்லா பண்ணிக்கிட்டிருந்தேன்!"

டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பாய்லர் மூடி விழுந்தது. அவர்தான் பாஸ்டருக்கு விரல் கணக்கை விளக்கினார். பாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, பாலையா சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சரி பாஸ்டரு, நெஜமா எவ்ளோ கேக்கற?"

"ஒண்ணும் வேண்டாம்யா."

"சும்மா வர்ற சரக்குல புழு இருக்குமே."

"அந்தப் பாட்டுலயே இருக்குய்யா. ஒருத்தன் வீட்டுச் சொத்து மொத்தத்தையும் தூக்கிட்டு வந்து அன்பைக் குடுன்னு கேட்டாலும், ஊரே அவனப் பார்த்துச் சிரிக்குமாம்."

"அது கெடக்கட்டும். அந்தப் பையன் யாரு? தோட்டக்காரப் பொண்ணப் பாத்து அப்பிடிப் புகழ்றானே."

பாஸ்டர் கொஞ்சம் நெளிந்தார். "எங்க சபையில அத அவ்வளவா வாசிக்க மாட்டாங்க. உடம்ப வச்சுப் பாடுதது பாருங்க, பெரியவங்களுக்குக் கூச்சம். ஆனா அது ஆண்டவரு மனுசனப் பார்த்துப் பாடுததுன்னு சொல்லுவாங்க."

"சாமியா? மனுசன? வாங்க வர்றவரு சாமின்னா, கொற இல்ல சொல்லணும்? நம்மகிட்ட இல்லாத கொறயா?"

"சொல்லலையே."

"அப்ப ஒங்க சாமிக்கு வியாபாரம் தெரியாது."

"தெரியாதுய்யா," என்றார் பாஸ்டர். "அதனாலதான் நாம பொழச்சோம்."

பாலையா டீயை ஊதிக் குடித்தார்.

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லு பாஸ்டரு. அவ கேப்பா."

"நான் வந்து ஜெபம் பண்ணுதேன். ஆனா அம்மா கேக்குற கேள்விக்கு நான் பதில் சொல்லக்கூடாது. பாட்டுல அவன் தரகர் வச்சுப் பேசலைய்யா. அவனே வந்து சன்னல் பக்கம் நின்னு, கம்பி வழியா கூப்பிடுதான்."

முப்பது வருசத் தரகரிடம் தரகர் வேண்டாம் என்கிறான் சின்னப் பிள்ளை. பாலையாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

அவர் திரும்பி வரும்போது ஆறு மணி தாண்டியிருந்தது. பெரிய சொட்டாக மழை விழ ஆரம்பித்தது. வாசலில் செக்யூரிட்டி அம்மா கையை நீட்டி மறித்தாள். "டைம் அய்போயிந்தி. ரேப்பு ரா."

கையெழுத்து நாளைக் காலை எட்டு மணிக்குள் என்றால், நாளைக்கு நாலு மணிக்கு வந்து என்ன செய்வது? பாலையா வராந்தாவைச் சுற்றிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகில் சாரல் அடித்தது.

"ஜெயா."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மே, எங்க நைனாவோட மொபெட்டு களவு போச்சே, நெனப்பு கீதா? நம்ம கல்யாணத்துக்கு மின்ன."

"இப்ப எதுக்குய்யா மொபெட்டு?" சுவரைப் பார்த்தபடியே குரல் வந்தது.

"அது களவு போவல. நான்தான் வித்தேன்."

பிரமிளா போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். மற்ற ஆறு கட்டில்காரிகள் அந்தப் பாசாங்குகூடச் செய்யவில்லை.

"அந்தத் துட்டுக்கு இங்க திருப்பதியில ரெண்டு சவரன் வளையல் எடுத்தேன். சந்தையில ஒங்க நைனா கையில குடுத்து, நீ செஞ்ச மாரி போடு, யார்கிட்டயும் சொல்லாதன்னேன். எங்க நைனா ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டு ஒரு வருசம் அந்தத் திருடன திட்டினாரு. எதுருல நின்னு நானும் திட்டினேன்."

ஜெயம்மா எழுந்து உட்கார்ந்தாள். "பொய். பேசறதே ஒன் தொழிலு."

"தாமரப் பூ போட்ட வளையலு. மத்த நகையெல்லாம் புத்தூர் பத்தர் செஞ்சது, இது மட்டும் வேற தினுசு. ஒங்க நைனா என்னிக்காச்சும் திருப்பதிக்கு வந்து கட ஏறினவரா?"

அவள் கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. ஆஸ்பத்திரி என்று கழற்றி வைத்திருந்த வளையல் அங்கே இல்லை. ஆனாலும் தடவிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவளே கேட்டிருக்கிறாள், இது மட்டும் ஏன் நைனா வேற மாரி கீது என்று. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் என்று அப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குய்யா குடுத்த?"

"ஒங்க தோப்ப பாக்க வந்தன்னிக்கு நீ கூடைய தூக்கிக்கினு எறங்கி வந்த. வெயிலு. கையெல்லாம் மாங்கா பால் பட்டு வெந்துபோய்க் கெடந்துச்சி, தோளுகிட்ட ஒரு பெரிய வடு. எல்லாத்தையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் கேட்டேன். ரெண்டு சவரனுக்குப் பேச்சு முறிஞ்சுடப்போவுதுன்னு பயம். என் வாழ்க்கையில விலை கேக்காம வாங்கினது அது ஒண்ணுதான்."

"அப்ப பந்தியில சிரிச்சது?"

"தரகன் தன் துட்டையே குடுத்துப் பொண்ணு கட்டினான்னு மண்டியில தெரிஞ்சா எவன் மதிப்பான்? அத்தெ மறைக்கத்தான் இத்தெ சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழக்கமாயிடிச்சி."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? ஒரு தபா, நல்லா கீறன்னு."

"வாங்கறவன் புகழக்கூடாதுமே. வாயில ஊறிப்போன வழக்கம்."

"அடப் பாவி," என்றாள் ஜெயம்மா. "இருவத்தெட்டு வருசமா வாங்கிக்கினேவா இருந்த?"

யாரோ ஒரு கட்டிலில் மூக்கை உறிஞ்சினாள். பாலையாவுக்கு மழைத் தண்ணீர் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நனையாத. அப்பால போ," என்றாள் அவள். பாலையா நகரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இன்னும் பயமாத்தான்யா கீது" என்றாள்.

"எனக்கும்தான்."

"பிரமிளா, அந்த நர்ஸம்மாவைக் கூப்புடு கண்ணு. பேப்பர எட்தாரச் சொல்லு."

பள்ளிக்கூடம் தெலுங்கு மீடியம் என்பதால் அவள் கையெழுத்துத் தெலுங்கில்தான். குண்டு குண்டாக மூன்றெழுத்து, அவசரமில்லாமல் போட்டாள். அப்புறம் தூக்கைத் திறந்து ஆறிப்போன களியைத் தின்றாள். துவையலில் காரம் போதாது என்றாள்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. பாலையா எந்தச் சாமியிடமும் புதிதாக ஒன்றும் பேசவில்லை. ஜெபகுமார் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் கையைப் பிடிக்கவில்லை, பட்டது போதும் என்று நினைத்திருப்பார். டாக்டரம்மா வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கி, "பாகுந்தி, சுத்தமா எடுத்தாச்சு" என்றபோது பாலையாவே பாஸ்டர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வேறு எங்கும் பரவவில்லை, மருந்து மட்டும் கொஞ்ச காலம். பாலையா அந்தக் காகிதத்தை வார்டு முழுக்கக் காட்டினார். இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி, இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். மகள் ஸ்ரீதேவிக்குப் போன் போட்டு, அதை ஜெயம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஜெயம்மாவையும் பிரமிளாவின் தாயையும் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. ஜெயம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"கண்ணு, அந்தப் பாட்டு எப்பிடி முடியுது? நீ கடேசி வரைக்கும் படிக்கவேயில்லியே."

பிரமிளா தயங்கினாள். "அதுல ஒரு எடம் வேணாம் அத்தை."

"படி. கத்தியே பட்டுட்டுது, சொல்லு பட்டா இன்னா?"

பிரமிளா குரலைத் தாழ்த்தி வாசித்தாள். பாட்டுக் கடைசியில் ஒரு தங்கச்சி வருகிறாள். அவளுக்கு மார்பு இல்லை. அவளைக் கேட்டு வருகிற நாளில் நாம் அவளுக்காக என்ன செய்யலாம் என்று வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். அவள் மதில் என்றால், அதன்மேல் வெள்ளியில் கோட்டை கட்டுவோம் என்கிறார்கள்.

ஜெயம்மாவின் கை கட்டுப் போட்ட இடத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"அப்பிடியா போட்டுகீது? மார்பில்லாத பொண்ணுன்னு?"

"ஆமா அத்தை."

"அவளத் தள்ளிடலியா?"

"இல்ல அத்தை. வெள்ளியில கட்டுவோம்னுதான் சொல்றாங்க."

ஜெயம்மா பாலையா பக்கம் திரும்பி, "ஏய்யா, கேட்டுக்கினியா?" என்றாள்.

பாலையா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். ஒரு தடவை வார்டைச் சுற்றிப் பார்த்தார், கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவள் தலையிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒன் முடி வந்து, முத மழைக்கு அப்புறம் தழையுதே, மாஞ்செடி, அது மாரி. நெத்தி வந்து..."

"இன்னாய்யா பண்ற?"

"குறுக்க பேசாத. கன்னம் வந்து பங்கனபள்ளி. மே மாசக் கடேசில வர்றது, வெயிலு நல்லா ஏறினது. மூக்கு தோத்தாபுரி, லேசா வளைஞ்சி..."

"ஐயோ, கிளிமூக்கா எனக்கு?" ஜெயம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரமிளா சிரித்தாள், அவள் தாய் சிரித்தாள், வாசலில் நின்ற செக்யூரிட்டி அம்மா என்னவென்று எட்டிப் பார்த்தாள். "யோவ், நிறுத்துய்யா, தையல் இழுக்குது!"

பாலையா நிறுத்தவில்லை. இன்னும் கழுத்துக்கே வரவில்லை அவர்.